கடல் பக்கத்துலதான்... ஆனா நீச்சல் எங்கே கத்துக்கிறது? ஆரோவில் கரையில் ஒரு நீச்சல் குளக் கணக்கு!

வீக் எண்ட் வந்தாலே ஈ.சி.ஆரில் பைக்கை விரட்டிக்கொண்டு ஆரோவில் கிளம்புகிறவரா நீங்கள்? மாத்ரிமந்திர் வியூ பாயின்ட்டில் ஒரு செல்ஃபி, குயிலாப்பாளையத்தில் ஒரு காபி, அப்புறம் நேரா பீச். சரி, ஒரு கேள்வி. உங்க கேங்கில் நிஜமாவே நீச்சல் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இடுப்பளவு தண்ணியில நின்னு கையை ஆட்டுறதெல்லாம் கணக்கில் வராது பாஸ்.

இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் 35,000-க்கும் மேற்பட்டவர்கள் தண்ணீரில் மூழ்கி இறப்பதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சமீபத்திய அறிக்கைகள் சொல்கின்றன. இதில் கடலைவிட ஏரி, குளம், கிணறு, ஆறுதான் அதிகம். ஆனால் மரக்காணத்தில் தொடங்கி கோட்டக்குப்பம் வரையிலான இந்தக் கரையில் எல்லாமே இருக்கிறது. ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் கழுவேலி ஏரி. நடுவில் உப்பளப் பாத்திகள், ஓடைகள், கிராமத்துக்குக் கிராமம் ஏரி, தாங்கல். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ மழை கொட்டியதே... அன்றைக்குத் தண்ணீர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

‘கடலோரத்துப் பசங்களுக்கு நீச்சல் தானா வந்துடும்’ என்று நாம் சொல்வது பாதிதான் உண்மை. கட்டுமரத்தில் ஏறி விளையாடிய பையனுக்கு வரும். அவன் தங்கச்சிக்கு? உப்பளத்துக்கும் முந்திரித் தோப்புக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு? ‘தண்ணிப் பக்கம் போகாதே’ என்பதுதான் அவர்களுக்கு வீட்டில் கிடைக்கும் ஒரே பாடம்.

கடலும் முன்பு போல இல்லை. 1980-களின் கடைசியில் புதுச்சேரி துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணலுக்கு அது அணை போட்டதுபோல ஆகிவிட்டது. வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் எனக் கரை கரைந்துகொண்டே வந்தது. அரிப்பைத் தடுக்க ஆங்காங்கே கல் கொட்டினார்கள். இப்படிக் கடலுக்குள் நீளும் கல் வரிசைகளை ஒட்டி, கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் உருவாகும். மேலே பார்த்தால் அலை குறைவாக, ‘சேஃப்’ ஆன இடம் மாதிரியே தெரியும். அதுதான் வில்லங்கம். அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தி மூச்சு வாங்கக் கூடாது. மிதந்தபடியே கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். ஆனால், மிதக்கத் தெரியாதவரிடம் ‘பதறாம மிதங்க’ என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

ஆக, முதல் பாடத்துக்கு ஒரு நீச்சல் குளம் வேண்டும். ஆரோவில்லில் நியூ கிரியேஷன் விளையாட்டு மைதானம் பக்கம் ‘லா பிசின்’ என்றொரு குளம் இருக்கிறது. பெயரே பிரெஞ்சில் நீச்சல் குளம் என்றுதான் அர்த்தம். சுற்றிலும் ரிசார்ட் குளங்களும் உண்டு. அவற்றில் பாதி, நீந்துவதற்கு என்பதைவிட காலை நனைத்து ரீல்ஸ் எடுப்பதற்கே கட்டியவை. அப்ப ஊருக்கு ஊர் ஒரு குளம் கட்டிட்டா முடிஞ்சுதா? இங்கேதான் கதை சிக்கலாகிறது. குளம் கட்டுவது ஈஸி. பத்து வருஷம் ஓட்டுவதுதான் கஷ்டம்.

சூரியன் குடிக்கும் தண்ணீர்

25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்று ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிரப்ப சுமார் 4.4 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் 36 நடைக்கு மேல். நிரப்பியதோடு முடியவில்லை. வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 1,500 லிட்டருக்கு மேல் போய்விடும். மரக்காணம் உப்பளத்தில் இதே வெயில், இதே ஆவியாதல்தான் உப்பு விளைவிக்கிறது. அங்கே லாபம், இங்கே நஷ்டம்! கடலை ஒட்டிய ஊர்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறும் கவலை வேறு. ‘குடிக்கவே நல்ல தண்ணி இல்ல, உங்களுக்கு நீச்சல் குளமா?’ என்று ஊரில் ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ராத்திரி மூடி வைக்கும் ஷீட், ஃபில்டர் கழுவிய தண்ணீரைத் தேறவைத்து மரங்களுக்கு விடுவது, மழைநீர் சேகரிப்பு... இதெல்லாம் முதல் நாளே பிளானில் இருந்தாக வேண்டும்.

அடுத்தது பணம். ஒரு பேச்சுக்கு, மோட்டார் கரன்ட், குளோரின், உயிர்காப்பாளர் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 2 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைப்போம். 26 நாள், தினம் 8 மணி நேரம் திறந்தால், ஒரு மணி நேரத்தின் செலவு சுமார் 960 ரூபாய். அந்த மணி நேரத்தில் பத்துப் பேர் நீந்தினால் தலைக்கு 96 ரூபாய். நாற்பது பேர் இருந்தால் 24 ரூபாய். யாருமே இல்லையென்றாலும் அதே 960 ரூபாய்தான். ஒரு பொதுக் குளம் பிழைப்பதும் சாவதும் டிக்கெட் விலையில் இல்லை, டைம் டேபிளில் இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

காலை 6 முதல் 8 வரை ஆபீஸ் போகிறவர்கள் வருவார்கள். மாலையில் கோச்சிங் பசங்க. பகல் 10 மணியிலிருந்து 3 மணி வரை? குளம் சும்மா கிடக்கும், மோட்டார் மட்டும் ஓடும். பள்ளிக்கூடம் இயங்குவதும் அதே நேரம்தான்! சுற்றியுள்ள நான்கைந்து அரசுப் பள்ளிகளின் பி.டி பீரியடை இந்த நேரத்தோடு கோத்துவிட்டால், ஒரு வகுப்புக்கு 12 நாள் பயிற்சி என்று சுழற்சி முறையில் வருஷம் முழுக்க நிரப்பலாம். மழை மாதங்களை விட்டுவிட்டால்கூட நிறைய வகுப்புகள் தேறும். வெயிலுக்கு மேலே ஒரு நிழல் வலை கட்டாயம், அதையும் செலவில் சேர்த்துக்கோங்க.

கல்வெட்டுக்கு ஆள் உண்டு, குளோரினுக்கு?

பணம் யார் தருவார்? கம்பெனிகள் சட்டம் 2013-ன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தை சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்கும் பயிற்சி தருவது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் நன்கொடை தருகிறவர்களுக்கு எப்போதும் கட்டடம்தான் பிடிக்கும். அதில் பெயர் பொறித்த கல்வெட்டு வைக்கலாம். குளோரின் டப்பாவில் பெயர் பொறிக்க முடியாதே! ஆகவே, ‘ஒரு குளம் கட்டித் தாங்க’ என்று கேட்பதைவிட, ‘ஐந்து வருஷத்துக்கு இந்த ஆறு பள்ளிகளின் பயிற்சிச் செலவை ஏத்துக்கோங்க’ என்று கேட்பதே புத்திசாலித்தனம். இருக்கும் குளங்களில் காலியாகக் கிடக்கும் நேரத்தை வாங்கினாலே போதும்.

திறமைசாலிக்கே இங்கே தொடர்ந்து காசு கிடைப்பது கஷ்டம் என்பதற்கு நம்ம குற்றாலீஸ்வரன் சாட்சி. 1994-ல், 12 வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதே ஆண்டில் ஆறு நீரிணைப்புகளை நீந்தி, மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தார். அர்ஜுனா விருதும் வாங்கினார். ஆனாலும் ஸ்பான்சர் இல்லாமல், படிப்புப் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. சாதனைக்குக் கைதட்ட நாடே இருந்தது. மாதாமாதம் செலவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

வெளியே என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தின் எக்ஸ்மவுத் நகரில் 2023-ல், குட்டி டேட்டா சென்டர் ஒன்றைப் பொதுக் குளத்துக்கு அடியில் வைத்து, கம்ப்யூட்டர் கக்கும் சூட்டில் தண்ணீரைச் சூடாக்கினார்கள். சூப்பர் ஐடியாதான், ஆனா நமக்கு வெந்நீர் தேவையில்லை. நமக்குச் சரியான வாத்தியார் பங்களாதேஷ். அங்கே ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கில் மேடை கட்டி, ஆழத்தை அளவோடு அடைத்து, ஊர் ஆட்களையே பயிற்சியாளராக்கினார்கள். 25 மீட்டர் நீந்தணும், கொஞ்ச நேரம் மிதக்கணும், தானும் மூழ்காமல் அடுத்தவரைக் காப்பாற்றத் தெரியணும். அவ்வளவுதான் சிலபஸ். அது வேலை செய்தது. 2022-ல் அந்த நாட்டு அரசே 3,60,000 குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுத்தரும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நம் மத்திய சுகாதார அமைச்சகமும் 2023 டிசம்பரில் நீரில் மூழ்குவதைத் தடுக்க ஒரு வழிகாட்டும் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. அது மரக்காணம் வரைக்கும் வந்து சேரணும், அவ்வளவுதான்.

பயிற்சியாளருக்கும் இங்கே பஞ்சமில்லை. தந்திராயன்குப்பம் செரினிட்டி பீச்சில் சர்ஃபிங் பள்ளி இருக்கிறது. கடலைக் கரைத்துக் குடித்த மீனவ இளைஞர்கள் இருக்கிறார்கள். முதலுதவியும் உயிர்காப்புப் பயிற்சியும் முடித்து முறையான சான்றிதழ் பெற்றால், பகலில் குளத்தில் டீச்சர், வீக் எண்டில் பீச்சில் லைஃப் கார்டு. ஒரே ஆளுக்கு இரண்டு சம்பளம். நல்ல ஆள் வேலையை விட்டுப் போகாமல் இருக்க இதைவிட வழி எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிடக் கூடாது, பெண்கள் நேரம். வாரத்தில் ஒரு நாள், மத்தியானம் ஒரு மணி நேரம் என்று ஒப்புக்கு ஒதுக்கினால் யாரும் வரமாட்டார்கள். பெண் பயிற்சியாளர், பூட்டுப் போடும் உடை மாற்றும் அறை, லெக்கிங்ஸும் உடலை ஒட்டிய முழுக்கை நைலான் சட்டையும் போட்டுக்கொண்டு இறங்க அனுமதி, வாசலில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்குத் தடை. இந்த நாலும் இருந்தால் பொண்ணை அனுப்ப அம்மாக்கள் சம்மதிப்பார்கள். கொஞ்ச நாளில் அம்மாக்களே சேரவும் கூடும். அவர்களுக்குத் தோதான நேரம் எது தெரியுமா? அதே காலி நேரம், காலை 11 மணி.