‘கங்குவா’ சத்தம்: தப்பு இசையிலா, வால்யூமிலா?

ஓசூரில் படம் பார்த்தவர் “பிஜிஎம் வேற லெவல்” என்பார். அதே படத்தை 40 கி.மீ. தள்ளி பெங்களூரு மாலில் பார்த்த ஆபீஸ் நண்பர் “தலை வலிக்குதுப்பா” என்பார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

2024 நவம்பர் 14-ல் வெளியான ‘கங்குவா’வில் கதைக்கு இணையாக அடிவாங்கியது சத்தம்தான். இயக்கம் சிவா, இசை தேவி ஸ்ரீ பிரசாத். தலைவலியோடு வெளியேறும் ரசிகர் மறுபடி வரமாட்டார் என்று ஆஸ்கர் வென்ற ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி இன்ஸ்டாகிராமில் வருந்தினார். ஒலிக்காரரைக் குறை சொல்வதா, பதற்றத்தில் செய்யும் கடைசி நேரத் திருத்தங்களைக் குறை சொல்வதா என்றும் கேட்டார். தயாரிப்பாளர் ஞானவேல் ராஜாவோ, வால்யூமை இரண்டு பாயின்ட் குறைக்கும்படி தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார்.

அந்த ரெண்டு பாயின்ட் என்ன?

டால்பி முறையில் மிக்ஸிங் ஸ்டுடியோவும் தியேட்டரும் வால்யூமை 7-ல் வைக்க வேண்டும். அந்த அளவில், திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு சேனலும் உச்சத்தில் 105 டெசிபல் தொடலாம். 5-க்கு இறக்கினால் சுமார் 6.7 டெசிபல் குறையும். ஆனால் பல தியேட்டர்கள், புகார் வரும் என்று முன்கூட்டியே இறக்கித்தான் வைக்கின்றன. அது தெரிந்து மிக்ஸிங்கில் ஏற்றுகிறார்கள். ஏற்றியது தெரிந்து தியேட்டர் இன்னும் இறக்குகிறது. விளைவு, சண்டைக் காட்சி தாங்கும்படி ஆகிவிடும். அடுத்த சீனில் மெதுவாகப் பேசுவது காதில் விழாது.

விமர்சனங்கள் தவறவிடுவது இங்கேதான். இசையமைப்பாளர் டிராக்குகளைக் கொடுக்கிறார். வசனத்துக்கும் வாள் சத்தத்துக்கும் மேலே அது எவ்வளவு நிற்க வேண்டும் என்பதை மிக்ஸிங் பொறியாளரும் இயக்குநரும் முடிவு செய்கிறார்கள். ‘கங்குவா’வில் பாத்திரங்கள் ஓயாமல் கத்துவதும் புகாரில் இருந்தது, அதற்கு தேவி ஸ்ரீ பிரசாத் என்ன செய்வார்?

ஓசூர், கிருஷ்ணகிரி சிப்காட் இளைஞர்களுக்கு டெசிபல் கணக்கு புதிதல்ல. தொழிற்சாலை விதிப்படி 8 மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல்தான் வரம்பு. 95 என்றால் 4 மணி நேரம். படத்தின் உச்சங்கள் சில நொடிகள்தான், இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் பிரஸ் ஷாப்பில் நாள் முழுக்க நின்றவர் இரவுக் காட்சிக்கு வரும்போது இயர்பிளக் லாக்கரில் கிடக்கும். ஓய்வெடுக்க வேண்டிய காதுதான் மறுபடி அடிவாங்குகிறது.

டிசம்பர் 8-ல் படம் ஓடிடிக்கு வந்தது. ரிமோட் நம் கையில். சத்தத்தை விலக்கி இசையை இசையாகக் கேட்க அப்போதுதான் வழி கிடைத்தது. அதற்குள் தீர்ப்பு எழுதி மூன்று வாரம் ஆகிவிட்டது.