விருப்பம் என்றொரு சாக்கு

கடந்த தீபாவளிக்கு எடிசனில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். கராஜில் ஒரு மடிக்கணினி, குப்பைக்கு ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. திறந்து பார்த்தேன், நன்றாகவே ஓடியது. “விண்டோஸ் 11 ஏறாதுங்க, அதான்” என்றார் நண்பர். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. 11க்கு டிபிஎம் 2.0 சில்லும் புதிய பிராசசரும் வேண்டும்.

“லினக்ஸ் போடலாமே?” என்றேன்.

“அதெல்லாம் அவரவர் விருப்பம்ங்க.”

என் சண்டை இந்த வாக்கியத்தோடுதான். நண்பர் பகல் முழுக்க அலுவலகத்தில் லினக்ஸ் சர்வர்களோடு மல்லுக்கட்டுபவர். எல்லா இயங்குதளங்களையும் அறிந்தவர் வீட்டில் விண்டோஸ் போதும் என்றால், அது விருப்பம்தான். நான் யார் கேட்க? ஆனால் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் பள்ளியில் தந்த குரோம்புக்கைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. ஒரு கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறாள். ஒன்றை மட்டுமே அறிந்தவளுக்கு ஏது விருப்பம்? அவளுக்கு இருப்பது பழக்கம். அதையும் வேறு யாரோ தேர்ந்து கொடுத்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் லினக்ஸ் பக்தர்கள் கைதட்டுவார்கள். அவசரப்பட வேண்டாம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

2009இல் திருச்சிக்குப் போனபோது, அப்பாவின் கணினியில் அவரைக் கேட்காமலே லினக்ஸ் ஏற்றினேன். தட்டச்சுப் பொறி விசைப்பலகையில் பழகிய கை அவருடையது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் கதைகள் அடித்து வைத்திருந்தார். கோப்புகளைப் பத்திரமாகத்தான் மாற்றினேன். ஆனால் அந்த எழுத்துரு புதிய அமைப்பில் இல்லை. திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது கணினி மேல் துணி போர்த்தியிருந்தது. அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சுதந்திர மென்பொருள் தருகிறேன் என்று போய், இருந்த சுதந்திரத்தையும் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றே. கையில் திறன் இருந்தால்தான் தேர்வு என்ற ஒன்று இருக்கும்.

தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சென்னை சிடாக்கில் உருவான, தமிழில் இயங்கக்கூடிய அமைப்பு. அந்த மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளை இன்று நேர்முகத் தேர்வுகளில் சந்திக்கிறேன். “அதை அழிச்சிட்டேன் சார்” என்று சிரிக்கிறார்கள். யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடுகிறது. பக்கத்துக் கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வையே லினக்ஸில் நடத்தியது. அங்கே படித்த பிள்ளை பிறகு விண்டோஸுக்குப் போனால், இரண்டையும் தெரிந்துகொண்டு போகிறது.

நியூ ஜெர்சியிலும் பே ஏரியாவிலும் டெக்சாஸிலும் இந்தத் தொழிலில் சம்பாதித்து வீடு வாங்கியவர்கள் நாம். வார இறுதியில் தமிழ் வகுப்புக்கும் பரதத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். கராஜில் கிடக்கும் பழைய கணினியில் இன்னொரு இயங்குதளத்தை ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு சனிக்கிழமை கிடைக்காதா? பெற்றோர் ஊரில் பயன்படுத்தும் கணினியைத் தொடுமுன் “இதில் என்னப்பா எழுதுறீங்க?” என்று கேட்க ஐந்து நிமிடம் கிடைக்காதா?

அந்த மடிக்கணினி இப்போது என் மேசையில் இருக்கிறது. லினக்ஸ் ஏற்றிவிட்டேன். நண்பரின் மகள் சனிக்கிழமைகளில் வருகிறாள். ஆறு வாரம் கழித்து, “பிடிக்கலை அங்கிள், எனக்குக் குரோம்புக்கே போதும்” என்று திருப்பிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். அப்போது அது அவளுடைய விருப்பமாக இருக்கும்.