பரணில் கிடக்கும் லேப்டாப்பிலும் 'கேம்' ஓடும்!

மதுரையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு.

"அண்ணே, இதுல கேம் ஓடுமாண்ணே?"

கேட்பவன் திருமங்கலத்தில் இருந்தோ, மேலூரில் இருந்தோ பஸ் ஏறி வந்த பையன். கையில் ஒரு பழைய லேப்டாப். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. அக்கா கல்யாணமாகிப் போய் விட்டாள். லேப்டாப் பரணில் இருந்து இறங்கி வந்திருக்கிறது.

கடைக்காரர் திறந்து பார்க்கிறார். உள்ளே 'லினக்ஸ்'.

"ஓடாது தம்பி. இதை அழிச்சிட்டு விண்டோஸ் போட்ருவோம்."

போடப் போவது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் அல்ல. அது கடைக்காரருக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும்!

'ஓடாது' என்ற அந்தப் பதில் ஒரு காலத்தில் சரி. இன்று தப்பு. ஆனால் பதில் மட்டும் மாறவே இல்லை.

2011 செப்டம்பர் 15-ந்தேதி இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, அதில் விண்டோசும் இருந்தது, 'பாஸ்' லினக்சும் இருந்தது. 'பாஸ்' வெளிநாட்டுச் சரக்கு அல்ல. மத்திய அரசின் 'சி-டாக்' நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்பு நின்றபோது, அரசு அலுவலகங்களிலும் இதையே போடச் சொன்னது தமிழக அரசு.

பையன்கள் என்ன செய்தார்கள்? வாங்கிய வாரமே கடைக்கு ஓடினார்கள். லினக்சை அழித்தார்கள். காரணம் படிப்பு அல்ல. 'வைஸ் சிட்டி' ஓட வேண்டும். அவ்வளவுதான்.

பையன்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. விளையாட்டு ஓடாத பெட்டியை எந்தப் பையன் தொடுவான்?

ஆடு புலி ஆட்டம் மாதிரி

லினக்ஸ் என்பது 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் எழுத ஆரம்பித்தது. யாரும் எடுத்துக் கொள்ளலாம். திருத்தலாம். அடுத்தவருக்கும் கொடுக்கலாம். காசு கிடையாது.

இது நமக்குப் புதிது அல்ல. கிராமத்துத் திண்ணையில் கரிக்கட்டையால் கோடு கிழித்து ஆடு புலி ஆட்டம் ஆடினோமே, யாரிடமாவது லைசென்ஸ் வாங்கினோமா? ஊருக்கு ஊர் விதியை மாற்றிக் கொண்டோமே, யாராவது கேஸ் போட்டார்களா? அதே கதைதான்.

இன்னொரு வேடிக்கை. நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு உள்ளே இருப்பதும் லினக்ஸ்தான். "லினக்ஸ்ல கேம் ஓடாது" என்று கடைக்காரர் சொல்லும்போது, அவர் போனை வாங்கி வைத்துக் கொண்டு அவர் மகன் விளையாடிக் கொண்டிருப்பான்!

அப்படியானால் கம்ப்யூட்டரில் மட்டும் ஏன் ஓடவில்லை? விளையாட்டுகளை எழுதுகிற கம்பெனிகள் விண்டோசுக்கு மட்டுமே எழுதின. மீனாட்சி அம்மன் கோவிலுக்கு வரும் பிரெஞ்சுக்காரருக்குத் தமிழ் தெரியாது. பூக்காரம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவில் ஒரு 'கைடு' வேண்டும். லினக்சுக்கு அப்படி ஒரு கைடு 1993-லேயே வேலைக்கு வந்து விட்டார். அவர் பெயர் 'ஒயின்'. (பெயர்தான் அப்படி. டாஸ்மாக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) விண்டோஸ் விளையாட்டு கேட்பதை லினக்சுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லுவதே இவர் வேலை. ஆனால் ரொம்ப நாள் அவர் திக்கித் திணறித்தான் பேசினார்.

கட்டடக்காரரே கடை போட்டால்?

நிலைமையை மாற்றியது ஒரு வியாபாரப் போட்டி. கடை வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

'வால்வ்' என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி. 'ஸ்டீம்' என்ற பெயரில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கிறது. அதன் வாடிக்கையாளர் கிட்டத்தட்ட எல்லாரும் விண்டோஸ்காரர்கள். 2012-ல் விண்டோஸ் 8 வந்தது. மைக்ரோசாப்ட் அதற்குள்ளேயே தன் சொந்தக் கடையைத் திறந்தது.

டவுன் ஹால் ரோட்டில் வாடகைக் கடையில் ஜவுளி வியாபாரம் செய்கிறீர்கள். கட்டடச் சொந்தக்காரர் கீழ்த்தளத்தில் அவரே ஒரு ஜவுளிக்கடை போடுகிறார். உங்களுக்குத் தூக்கம் வருமா? வேறு இடம் பார்க்க மாட்டீர்களா?

வால்வ் பார்த்த வேறு இடம்தான் லினக்ஸ். 2013 பிப்ரவரியில் ஸ்டீம் கடை லினக்சுக்கு வந்தது. பிரவுசிங் சென்டர்களில் பையன்கள் கூட்டம் கூட்டமாக ஆடிய 'கவுண்டர் ஸ்டிரைக்' அதில் ஓடியது. 2018 ஆகஸ்டில், அந்தத் திக்குவாய் கைடை நன்றாகப் பழக்கி 'புரோட்டான்' என்ற பெயரில் கொண்டு வந்தார்கள். 2022-ல் கையில் வைத்து விளையாடும் 'ஸ்டீம் டெக்' என்ற பெட்டியையே விற்பனைக்கு விட்டார்கள். அதற்குள் இருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ்!

எந்த விளையாட்டு எப்படி ஓடுகிறது என்று ஆடியவர்களே எழுதி வைத்த பட்டியலும் இருக்கிறது. பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் போட்டிருக்கிறார்கள். தெற்கு ஆவணி மூல வீதியில் நகை எடுக்கிற மாதிரி பார்த்து எடுத்துக் கொள்ளலாம்.

எல்லாம் ஓடுமா என்றால், ஓடாது. மறைத்துப் பேச வேண்டியது இல்லை. 'வேலோரன்ட்', 'போர்ட்நைட்' இரண்டும் ஓடாது. 'ஜி.டி.ஏ. 5'-ல் தனியாக ஆடும் கதை ஓடும். ஊரோடு சேர்ந்து ஆடும் ஆட்டம் 2024 செப்டம்பரில் நின்று போனது. ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்க வாசலில் ஒரு வாட்ச்மேனைப் போட்டார்கள். லினக்ஸ்காரர்களையும் உள்ளே விடச் சொன்னால் அந்த வாட்ச்மேன் விடுவார். கம்பெனிதான் சொல்லவில்லை!

2011-ம் வருஷத்து லேப்டாப்பில் ஜி.டி.ஏ. 5 கேட்பதும் நியாயம் இல்லை. அதை எந்த விண்டோசாலும் ஓட்ட முடியாது. ஆனால் பெங்குவின் கார் ஓட்டும் 'சூப்பர் டக்ஸ் கார்ட்'டைத் தரத்தைக் குறைத்து வைத்து ஓட்டிப் பார்க்கலாம். படை நடத்தும் 'வெஸ்னாத்', கணக்குப் போட்டுச் சுடும் 'டக்ஸ் மேத்' இரண்டும் ரொம்பப் பழைய பெட்டியையும் சிரமப்படுத்தாது. மூன்றும் இலவசம். திருட்டு அல்ல.

திருட்டு கேமின் விலை

தகப்பனார்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

திருட்டு கேமை இறக்கும்போது ஒரு குறிப்பு வரும். 'ஆன்ட்டி வைரசை அணைத்து விட்டுப் போடவும்' என்று. ராத்திரி வாசல் கதவைத் திறந்து போட்டு விட்டுத் தூங்குங்கள் என்று யாராவது சொன்னால் தூங்குவோமா? பையன் தூங்குகிறான். அதே லேப்டாப்பில்தான் அப்பா பேங்க் கணக்கைப் பார்க்கிறார். கடையின் ஜி.எஸ்.டி. கணக்கும் அதில்தான்.

இப்போது இன்னொரு இடியும் விழுந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு நின்று விட்டது. பழைய பெட்டிகள் பெரும்பாலானவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. "புதுசு வாங்கிருங்க சார்" என்கிறார்கள் கடையில். மாதச் சம்பளக் குமாஸ்தா எங்கே போவார்? லினக்ஸ் போட்டால் அந்தப் பெட்டி இன்னும் சில வருஷம் உழைக்கும்.

கேம் என்றதும் சில பெற்றோருக்கு ரம்மிதான் ஞாபகம் வருகிறது. பயம் நியாயமானது. ஆனால் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு தடைச் சட்டமே போட்டு விட்டது. நான் சொல்லுவது பைசா கட்டாத விளையாட்டு.

பையனுக்குக் குறை வேறு இடத்தில் இருக்கிறது. கேட்க ஆள் இல்லை. லினக்சில் ஒரு விளையாட்டு நின்று போனால் திரையில் வருவது இங்கிலீஷ். விளக்கம் சொல்லுகிறவர்களும் இங்கிலீஷில் சொல்லுகிறார்கள். தமிழில் 2012 முதல் 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எழுதி வருகிறது. நல்ல வேலை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து, "இதைத் தட்டுடா, இப்ப வரும் பாரு" என்று சொல்ல ஓர் அண்ணன் வேண்டாமா? பிரவுசிங் சென்டர் காலத்தில் அப்படி அண்ணன்மார்கள் இருந்தார்கள். இப்போது ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை.

2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் என்று அறிவித்தார்கள். கொடுக்கிற லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால், அதோடு நாலு விளையாட்டையும் போட்டுக் கொடுத்தால் என்ன? அரசுக்கு ஒரு பைசா செலவு இல்லை. பையன் அழிக்க மாட்டான்!

நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15-ந்தேதி திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. நகரத்தில் என்ஜினீயரிங் கல்லூரிகளும் இருக்கின்றன. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு வாருங்கள் என்று சொல்லட்டும். கல்லூரி மாணவர்கள் லினக்ஸ் போட்டுக் கொடுக்கட்டும், சந்தேகத்துக்குத் தமிழில் பதில் சொல்லட்டும்.

கூட்டம் வருமா என்று அதிகாரிகள் யோசிக்க வேண்டாம். சூப்பர் டக்ஸ் கார்ட்டை ஒரே திரையில் நாலு பேர் ஆடலாம். முதல் ஞாயிறு ஒரு மேஜை போட்டு, நாலு பையன்களை உட்கார வைத்துப் பார்க்கட்டும்.