துரத்தியது கூட்டம்; அணைத்தது மொழி

இனவுணர்வையும் மொழிப்பற்றையும் ஒருசேரப் பழிப்பதே அறிவுடைமை என்று கருதுவார் சிலர் உளர். அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்ததொரு நிகழ்ச்சி 2009ஆம் ஆண்டு செபுதம்பர்த் திங்களில் தென்கொரியாவில் நடந்தது. இருபத்திரண்டு அகவையினரான பாடகர் ஒருவர், நான்கே நாள்களில் அந்நாட்டை விட்டு வெளியேறும் நிலைக்குத் தள்ளப்பட்டார். "இனப்பற்று எங்கே கொண்டுபோய் விடுகின்றது, பார்த்தீரா?" என்று அவர்கள் கேட்பர். அதே நிகழ்ச்சியைக் காட்டி, "கொரியன் தன் நாட்டின் மானத்தை எப்படிக் காத்துக்கொள்கின்றான், பார்த்தீரா?" என்று தோள்தட்டுவாரும் நம்மிடையே இருத்தல் கூடும். இவ்விரு சாராரும் பிழைபட்டோரே. அன்று வெளிப்பட்டது மொழிப்பற்றும் அன்று, இனப்பற்றும் அன்று. அது வெறுங்கூட்டத்தின் வெகுளி. மொழிப்பற்று என்ன செய்யும் என்பதைக் கொரிய வரலாறே வேறோரிடத்தில் காட்டியிருக்கின்றது. அப்பாடகரின் பின்னை வாழ்க்கையும் காட்டியிருக்கின்றது.

முதலில் அவர் யாரென அறிதல் வேண்டும். அமெரிக்கர்க்கு அவர் சே பார்க்கு; கொரியர்க்குப் பாக் சேபொம். கொரியாவினின்று குடிபெயர்ந்த பெற்றோர்க்கு, வாசிங்டன் மாநிலத்து எட்மண்டுசு நகரில், 1987ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆம் நாள் பிறந்தவர். சியாட்டில் பகுதியின் தெருவாடற் குழுவில் உடலைத் தரையில் ஊன்றிச் சுழன்றாடிப் பயின்றவர். குருதியால் கொரியர், குடியுரிமையால் அமெரிக்கர், நாவாலோ முழுக்க முழுக்க ஆங்கிலர். இந்நிலையில்தான் சே.ஒய்.பி. என்னும் கொரிய இசை நிறுவனம் அவரைத் தேர்ந்தெடுத்தது. 2005ஆம் ஆண்டில், பதினேழு அகவையில், தாய்தந்தையரை விட்டுத் தனியராகச் சியோலுக்கு வந்தார். வந்த இடத்து மொழி அவர்க்கு நன்கு வாராது. பயிற்சியோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. மேடையேறும் நாள் எதுவென்று பயில்வோர்க்குத் தெரியாது. அத்தனிமையில், அமெரிக்காவிலிருந்த நண்பர் ஒருவர்க்கு, இணையப் பக்கமொன்றில் தாம் அறிந்த ஆங்கிலக் கொச்சையில், கொரியா பிடிக்கவில்லை, திரும்பிவிட வேண்டும் என்று மனம் நொந்து எழுதினார்.

2008ஆம் ஆண்டு செபுதம்பரில் எழுவர் கொண்ட 'டூ பி.எம்.' என்னும் குழு மேடையேறிற்று. அவரே அதன் தலைவர். ஓராண்டுக்குள் குழு நாடறிந்ததாயிற்று. அவ்வளவில், 2009 செபுதம்பர்த் தொடக்கத்தில், அப்பழைய எழுத்துகளை யாரோ தோண்டியெடுத்துப் பரப்பினர். அமெரிக்க இளைஞர் தமக்குள் எள்ளலாக வழங்கும் இழிவழக்கொன்று அவற்றில் இருந்தது. அது நல்ல வழக்கன்று. அதனை நாம் ஏற்கவும் இல்லை. ஆயினும் அவ்வழக்கின் நிலையறியாது அதனைக் கொரியத்தில் பெயர்த்தபோது, சலித்துப்போன சிறுவனின் முணுமுணுப்பு, ஒரு நாட்டையே அருவருக்கும் பகைவனின் கூற்றாக மாறிற்று. அவர் உடனே மன்னிப்புக் கேட்டார். கேட்பாரில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளட்டும் என்றுகூட எழுதத் துணிந்தனர் சிலர். செபுதம்பர் 8ஆம் நாள் குழுவை விட்டு விலகுவதாக அறிவித்து, அன்றே சியாட்டிலுக்கு வானூர்தி ஏறினார்.

இதனை மொழிமானம் என்று போற்றுவார்க்கு நாம் சில வினாக்களை விடுக்கின்றோம்.

மொழிப்பற்றுடையான் முதற்கண் செய்வது யாது? சொல்லின் பொருளை ஆராய்தல் அன்றோ? எம்மொழியில், எவ்வகை வழக்கில், யார் யார்க்குச் சொன்னது என்று பார்த்தல் அன்றோ? சொல்லை ஆராயாமல் சினங்கொள்வான், தன் மொழியையும் மதித்தானல்லன். பிறர் மொழியையும் அறிந்தானல்லன்.

இன்னும் கேட்போம். கொரியாவை இழித்தான் என்று அவ்விளைஞரின்மேல் பாய்ந்த கூட்டம், அவர் தலைமை தாங்கிய குழுவின் பெயரை ஏறெடுத்துப் பார்த்ததுண்டா? 'பிற்பகல் இரண்டு மணி' என்பதைத் தன் மொழியிற் சொல்ல நாணி, ஆங்கிலத்தில் 'டூ பி.எம்.' என்று சூட்டியது கொரிய நிறுவனம். அக்குழு 2009இல் பாடிப் பெயர்பெற்ற பாட்டின் தலைப்பும் ஆங்கிலமே. 'அகெய்ன் அண்டு அகெய்ன்' என்பது அது. ஆங்கிலம் கொரியப் பாட்டின் தலைமேல் முடிசூடி அமர்ந்திருந்தபோது வாராத சினம், தனிமையில் புழுங்கிய சிறுவன் நண்பனுக்கு எழுதிய நான்கு வரிகளைக் கண்டவுடன் பொங்கிற்றே, அதற்கு என்ன பெயர் சூட்டுவது? கொரிய எழுத்து நாள் என்று அந்நாட்டார் கொண்டாடும் அக்தோபர் 9ஆம் நாள், 1991 முதல் பொதுவிடுமுறைப் பட்டியலினின்று நீக்கப்பட்டிருந்தது. விடுமுறை மிகுந்தால் தொழில் கெடும் என்ற முதலாளியர் குரலுக்கு அரசு செவிசாய்த்ததன் விளைவு அது. அந்நாள் மீண்டும் விடுமுறையானது 2013இல்தான். மொழியின் திருநாளையே கணக்குப் பார்த்துக் கைவிட்ட காலத்தில், மொழியறியாச் சிறுவன் ஒருவனை மட்டும் இரண்டகன் என்று துரத்தியது எவ்வகை மானம்?

மொழிப்பற்று இன்னது என்பதைக் கற்க வேண்டுவோர், அதே கொரியரின் முந்தைய தலைமுறையைக் காண்க. சப்பானியர் அந்நாட்டை அடக்கியாண்ட காலத்தில், 1938 முதல் பள்ளிகளில் கொரியம் ஒதுக்கப்பட்டது. 1940இல் கொரியர்தம் பெயர்களையும் சப்பானிய முறைக்கு மாற்றுமாறு நெருக்கினர். அந்நிலையிலும் கொரிய மொழிக் கழகத்தார் நாடெங்கும் வழங்கிய சொற்களையெல்லாம் திரட்டி அகரமுதலி ஒன்று தொகுத்துக்கொண்டிருந்தனர். 1942ஆம் ஆண்டு அக்தோபரில் அவர்களைச் சிறைப்பிடிக்கத் தொடங்கினர். அவ்வழக்கில் சிக்கியோர் முப்பத்து மூவர். அவருள் இ யுன்சே 1943இலும், அன் சிங்கு 1944இலும் சிறையிலேயே உயிர்நீத்தனர். கொரியத் தனிமொழிக் கொள்கையினராகிய சொய் இயொன்பே 1945இல் விடுதலை கிடைக்குமளவும் சிறையிலேயே கிடந்தார். சான்றாகப் பறித்துச் செல்லப்பட்ட கையெழுத்துப்படிகள் தொலைந்தன என்றே எல்லாரும் எண்ணியிருக்க, 1945 செபுதம்பரில் சியோல் தொடர்வண்டி நிலையத்துச் சரக்கறையில் அவை கிடைத்தன. முதன்மடலம் 1947ஆம் ஆண்டு அக்தோபர் 9ஆம் நாள் வெளிவந்தது. ஆறு மடலங்களும் நிறைவுற்றது 1957இல்.

காண்க! அச்சான்றோர் செய்த பணி திரட்டுதல். சிற்றூரான் சொல்லையும், மலைவாணன் சொல்லையும், கொச்சை என்று பிறர் தள்ளிய சொல்லையும் கைந்நீட்டி ஏற்றுக்கொள்ளுதல். துரத்துதல் அன்று. தம் உயிரைக் கொடுத்தார்களே அன்றிப் பிறன் உயிரைக் கேட்டாரல்லர். இன்னும் பின்சென்று நோக்கின், 1443இல் கொரிய எழுத்தை ஆக்கி 1446இல் வெளியிட்ட செய்சொங்கு மன்னனின் உள்ளமும் அதுவே. தம் கருத்தைச் சீன எழுத்தால் வெளியிட மாட்டாது தவித்த எளிய மக்களைக் கண்டு இரங்கியே அவ்வெழுத்தை ஆக்கியதாக அவன் கூறினான். தன் உள்ளத்தைத் தன் இனமொழியிற் சொல்லத் தெரியாதவன்மேல் கொண்ட இரக்கமே கொரிய எழுத்தின் பிறப்பு. அவ்வெழுத்தின் பிறங்கடைகள், 2009இல் அதே நிலையில் நின்ற இளைஞர் ஒருவரைக் கண்டு இரங்கினாரல்லர்.

எய்தவனை விட்டு அம்பை நோவது நம் வேலையன்று. கடல்கடந்து பிறந்த பிள்ளையை, அவன் உடலசைவும் முகவெட்டும் ஆங்கில நாவும் விலைபோகும் என்று கருதிக் கொணர்ந்தது வணிகம். மேடைக்கு வேண்டிய அளவே அவனுக்கு மொழி தேவை என்று அது கருதிற்று. பாட்டு விற்றபோது 'நம் பிள்ளை' என்றனர். பழைய எழுத்து வெளிப்பட்டபோது 'அயலான்' என்றனர். மொழியைக் கொடாமல் மொழிக்கடனை மட்டும் தண்ட வந்தவர்கள் இவர்கள். 2010ஆம் ஆண்டு பிப்பிரவரியில் ஒப்பந்தம் முறிந்ததாக நிறுவனம் அறிவித்தது. அப்போது அது சொன்ன கரணியம் பழைய எழுத்துகள் அல்ல. அவர்தம் தனிவாழ்வின் தவறு என்பதே. அத்தவறு இன்னதென்று அது வெளியிட்டதும் இல்லை.

இனி, அவ்விளைஞர் திரும்பி வந்த வழியைக் காண்போம். 2010 மார்ச்சில், ஆங்கிலப் பாட்டொன்றைத் தாமே பாடி இணையத்தில் வெளியிட்டார். அது பரவிற்று. சூன் திங்களில், திரைப்படம் ஒன்றில் நடிப்பதற்காகச் சியோலில் மீண்டும் கால்வைத்தார். சூலையில் அப்பாட்டைக் கொரிய வடிவிலும் பாடி வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த கொரியத் தலைப்பின் பொருள் 'நம்புவீர்களா?' என்பது. ஆங்கிலத்தில் எழுதித் துரத்தப்பட்டவர், கொரியத்தில் கேட்டு உள்ளே வந்தார். 2013இல் தம் சொந்த இசை நிறுவனத்தையும், 2017இல் மற்றொன்றையும் தொடங்கி, இளைய சொல்லிசைக் கலைஞர் பலர்க்கு மேடை அமைத்துக் கொடுத்தார். கொரிய இசை விருதுகளில் ஆண்டின் சிறந்த இசைக்கலைஞர் என்னும் விருது 2017இல் அவர்க்குக் கிடைத்தது. அதே ஆண்டில், அமெரிக்கச் சொல்லிசைக் கலைஞர் சே-சீ நிறுவிய இராக் நேசன் நிறுவனமும் அவரை ஏற்றுக்கொண்டது.

இவற்றையெல்லாம்விட நாம் குறிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச்சில், ஐயூ என்னும் பெண்பாடகரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பாட்டின் பெயர் 'கானாதாரா'. நாம் 'அ, ஆ, இ, ஈ' என்று தொடங்குவதுபோல், கொரியக் குழந்தை எழுத்துப் பயிலத் தொடங்கும் வரிசை அது. நாவில் மொழி வாராது வந்த சிறுவர், பதினேழு ஆண்டுகட்குப் பின், அம்மொழியின் நெடுங்கணக்கையே தம் பாட்டுக்குப் பெயராக்கினார். துரத்தியவர்களால் விளைந்ததா இது? அவர்கள் வென்றிருந்தால் அவர் சியாட்டிலிலேயே நின்றிருப்பார். கொரியம் ஒரு பாடகரை இழந்திருக்கும்.

நாம் அவரைத் தலையிற் சுமந்து ஆட வரவில்லை. அவர் தொடங்கிய நிறுவனங்களின் பெயர்கள் ஆங்கிலம். 2018இல் வெளியிட்ட பாட்டுத்தொகுதி ஒன்றும் பெரிதும் ஆங்கிலமே. 2022இல் சோசூ என்னும் மதுவைத் தம் பெயரால் விற்கவும் புகுந்தார். இளைஞர் கூட்டம் தம் பின்னே வருகின்றது என்றறிந்த கலைஞர் அவர்தம் கையில் மதுக்குப்பியைக் கொடுப்பது கண்டிக்கத்தக்கதே. அக்கண்டனத்தை அவர் செய்த செயல்மேல் வைக்கின்றோம்; பிறந்த நிலத்தின்மேலும், அறியாப் பருவத்துப் பிதற்றலின்மேலும் அன்று.

மொழிப்பற்றுடைய இளைஞர்களே! கடல்கடந்து பிறந்த பிள்ளைகளையுடைய ஒவ்வோர் இனத்தின் முன்னும் நிற்கும் வினா இது. தடுமாறிய நாவோடு ஒரு பிள்ளை நம் வாயிலில் வந்து நிற்கும்போது, அவன் பிழையை எண்ணிச் சிரிக்கப் போகின்றோமா, எழுத்தைக் கையில் கொடுக்கப் போகின்றோமா? சிரிப்பதற்கும் சினப்பதற்கும் உழைப்பு வேண்டா. ஒரு நாளில் முடியும். கற்பிப்பதற்கோ ஆண்டுகள் வேண்டும், பொறுமை வேண்டும், பாடநூலும் ஆசிரியரும் வேண்டும். உழைப்பில்லாத சினத்தைப் பற்றென்று கொண்டாடாதீர்கள். சிறையிற் கிடந்தும் சொற்களைத் திரட்டிய கொரியச் சான்றோர் பெயரை நினைவில் வையுங்கள்; நான்கு நாள் ஆரவாரித்த கூட்டத்தில் ஒருவன் பெயரும் வரலாற்றில் இல்லை. மொழிக்கு ஆள் சேர்ப்பவனே மொழிப்பற்றாளன். ஆளைக் கழிப்பவன், தன்னை என்ன பெயரிட்டு அழைத்துக்கொண்டாலும், மொழிக்குப் பகைவனே என்க.