ஈரநிலம் வெறும் நிலமல்ல

போர் 2009இல் முடிந்தது. ஆயினும் நீண்ட காலம் ஊரைப் பிரிந்திருந்த பல குடும்பங்கள், திரும்பி வந்தபோது தம் காணியையே அடையாளம் காணமுடியாமல் நின்றன. வயலையும் குளத்தின் அலைகரையையும் பற்றைக்காடு ஒன்றாக மூடியிருந்தது. முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எது மேட்டுநிலம், எது நீர் நிற்கும் நிலம் என்பதே தெரியாது.

இந்நிலையில், கோடையில் காய்ந்து கிடக்கும் பள்ளக்காணியைச் 'சும்மா கிடக்கும் நிலம்' என்று எண்ணி வீடு கட்ட ஒதுக்கினால், மாரியில் வீட்டுக்குள் வெள்ளம் நிற்கும். காணியில்லாத குடும்பத்துக்குப் பள்ளத்தைக் கொடுப்பது உதவியல்ல. மேட்டுநிலம் பெறுவதே அவர்களது உரிமை. ஆகவே, காணி பிரிக்குமுன் ஈரநிலத்தை ஊரவரே கண்டறிந்து வரைபடமாக்க வேண்டும் என்பது எமது கருத்து.

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நிலமே மூன்று வழிகளில் சாட்சி சொல்லும்.

முதலாவது, தாவரம். கோரை, சம்பு, நீர்முள்ளி ஆகியன கூட்டமாக நிற்கும் இடம் நெடுநாள் ஈரம் தங்கும் இடம். மருதமரம் ஆற்றோரத்தையும் குளக்கரையையும் காட்டும். கடற்கரைப் பக்கம் கண்டலும் உமரியும் உவர்நீர் ஏறும் நிலத்தைக் காட்டும்.

இரண்டாவது, மண். ஒன்றரை அடி ஆழம் வெட்டிப் பாருங்கள். நீர் தேங்கும் மண்ணில் காற்றுப் புகாது. அதிலுள்ள இரும்பு மாற்றமடைந்து மண் சாம்பல் நிறமாகும். வேர் சென்ற வழிகளில் மட்டும் துருநிறக் கோடுகள் தெரியும். கோடையில் செடி கருகினாலும் மண்ணின் நிறம் இலகுவில் மாறாது.

மூன்றாவது, நீரின் தடம். அடிமரத்தில் படிந்த சேற்றுக்கோடு, வேலியில் சிக்கிய சருகு, வெடித்த களி, நத்தை ஓடுகள் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். அணை உடைந்து நீர் வடிந்துபோன குளத்திலும் மண் சாம்பலாகவே இருக்கும்; ஒருநாள் பெருவெள்ளமும் வேலியில் சருகை விட்டுச் செல்லும். மூன்றும் ஒத்துவரும் இடங்களில் முளை அடித்து, அவற்றை இணைத்து எல்லை வரையுங்கள். மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் நடந்து பாருங்கள். குளத்தை அறிந்த முதியவர்களையும், பன் வெட்டும் பெண்களையும், மாடு மேய்ப்பவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத நிலத்தில் கால் வைக்கவே வேண்டாம்.

இலங்கை 1990இல் ராம்சார் உடன்படிக்கையில் இணைந்தது. மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2010இல் அதன் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் ஊர்ச் சிறுகுளத்தின் அலைகரைக்கு அத்தகைய பெயர் எதுவும் இல்லை. அதைக் காக்க ஊரவரே வேண்டும். தூரத்து அலுவலகத்தில் வரையப்படும் படத்தில் எமது வயல் காடாகவும், குளம் வெறும் நிலமாகவும் பதியப்படலாம். அப்போது எடுத்துக்காட்ட எமது கையிலும் ஒரு படம் இருக்கவேண்டும். ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடமும், ஒன்றைக் கமநல சேவை நிலையத்திலும் கொடுத்து, மூலத்தைக் கமக்காரர் அமைப்பில் வையுங்கள்.

நிலத்தை அறிந்த மூத்த தலைமுறை எம்மோடு இருக்கும்போதே இதைச் செய்து முடிப்போம்.