ஹாப்கின்ஸின் கீழ்ப்படிதல்

ஹாப்கின்ஸின் கவிதைக்கு ஊற்று அவருடைய கீழ்ப்படிதல்தான் என்று நம் நண்பர்கள் சிலர் சொல்லி வருகிறார்கள். இதைச் சாக்கிட்டு இங்கே இளம் கவிஞனுக்கும் பணிவு போதிக்கிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை.

1868 மே மாதம் அவர் தம் கவிதைகளை எரித்தார். யார் எரிக்கச் சொன்னது? ஒருவருமில்லை. சேசு சபையில் அவர் சேர்ந்ததே அந்த வருஷம் செப்டம்பரில்தான். துறவியின் வார்த்தைப்பாட்டை நான் கேலி செய்யவில்லை. இது வார்த்தைப்பாட்டுக்கும் முந்திய காரியம், பிறக்காத கட்டளைக்குப் பணிந்தது. (அதிகாரி கண்ணசைக்குமுன் ஃபைலை நகர்த்துகிறவர்களை வங்கியில் தினமும் பார்க்கிறேன். அவர்களை யாரும் புனிதர் என்பதில்லை.) மேலானவர்கள் விரும்பினாலொழிய எழுதுவதில்லை என்று தீர்மானித்ததும் அவரேதான். ஏழு வருஷம் இரண்டொரு சம்பிரதாயத் துண்டுகள், அவ்வளவே.

1875 டிசம்பரில் 'டாய்ச்லாந்து' கப்பல் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு வெளியே மணல்திட்டில் மோதியது. ஜெர்மானியச் சட்டங்களால் நாடுகடந்த பிரான்சிஸ்கன் கன்னியர் ஐவர் மாண்டார்கள். யாராவது இதைப் பாடினால் நன்றாயிருக்கும் என்றார் மடத்து அதிபர். கட்டளைகூட இல்லை, ஆசை. வெகுகாலமாகக் காதில் சுழன்றுகொண்டிருந்த புதிய லயத்துக்கு அது போதுமாயிருந்தது. அந்த லயத்தையுமா அதிபர் தந்தார்? கவிதையைச் சபையின் பத்திரிகையான 'த மன்த்' வெளியிடவில்லை. கேட்டது அதிகாரம், எழுதிக் கொடுத்ததும் அதற்குக் காது கேட்கவில்லை.

பிரதிகளைக் காப்பாற்றி 1918ல் புத்தகமாக்கியவர் ராபர்ட் பிரிட்ஜஸ். கத்தோலிக்கரல்ல, அந்த மதத்தின்மீது பரிவுள்ளவருமல்ல. ஹாப்கின்ஸ் இறந்து அப்போது 29 வருஷம்.