உரிமையின் செலவை ஏற்பவர் யார்?

ஒரு குழந்தைக்குச் சட்டம் உரிமை ஒன்றை வழங்கும்போது, அதற்கான செலவை ஏற்பவர் யார் என்பதையும் தெளிவுபடுத்த வேண்டும். இல்லையேல் அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடும். அமெரிக்காவின் சிறப்புக் கல்வி வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டணமின்றித் தக்க கல்வி அளிக்க வேண்டும் என அந்நாட்டுக் கூட்டரசு 1975ஆம் ஆண்டு சட்டம் இயற்றியது. அத்தகைய ஒவ்வொரு மாணவருக்கும், நாட்டின் சராசரி மாணவர் செலவில் 40 விழுக்காடு வரை நிதியளிக்கவும் அச்சட்டம் வகைசெய்தது. ஆயினும், அந்த அளவை நிதி ஒருமுறைகூட எட்டியதில்லை. எஞ்சிய சுமை மாநிலங்கள் மீதும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்கள் மீதும் விழுந்தது.

பள்ளி மாவட்டங்கள் தம் வருவாய்க்கு ஊர்மக்களின் சொத்து வரியைப் பெரிதும் சார்ந்துள்ளன. முழுநேரச் செவிலியரோ உறைவிடப் பள்ளியோ தேவைப்படும் ஒரு குழந்தை சிற்றூரில் குடியேறினால், அவ்வூர்ப் பள்ளிகளின் வரவு செலவுத் திட்டமே நிலைகுலையக்கூடும். செலவைக் காரணம் காட்டி, பள்ளி நேரத்தில் வேண்டிய செவிலியர் பணியை மறுக்கலாகாது என்று சீடர் ராப்பிட்ஸ் பள்ளி மாவட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நேரியதே; ஆனால், பணத்துக்கு வழிகாணும் பொறுப்பு ஊரிடமே நின்றது. வேறு வகுப்புகளுக்கான நிதி சுருங்கும்போது, அக்குழந்தையையே சுமையாக நோக்கும் மனப்பான்மை அண்டை வீட்டாரிடம் தலைதூக்கும். சுமையைப் பகிராத ஏற்பாடே இதற்குக் காரணம்.

மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு மாணவரின் சிறப்புக் கல்விச் செலவு, மாநிலம் வகுத்த சராசரி அடிப்படைச் செலவின் நான்கு மடங்கைக் கடந்தால், கடந்த தொகையில் 75 விழுக்காட்டை மாநிலம் ஈடுசெய்ய அதன் சட்டம் இடமளிக்கிறது. ஓர் ஊரால் தாங்க இயலாத செலவு, மாநிலம் முழுதும் பகிரப்படுகையில் எளிதாகிறது. ஊர்கூடித் தேர் இழுப்பது போன்றதே இது.

மாநிலம் பணம் தந்தால் மாவட்டங்கள் பொறுப்பின்றிச் செலவிடும் என்பர் சிலர். தொடக்கச் செலவு முழுதும், மிகுசெலவில் ஒரு பங்கும் மாவட்டத்தையே சார்வதால், சிக்கனத்தின் தேவை அங்கு மறைவதில்லை. மாறாக, பயன்பெறுவோர் எண்ணிக்கையைக் குறுக்குவதே பெருந்தீங்கு. டெக்சாஸ் மாநிலம் 2004 முதல் மாணவருள் 8.5 விழுக்காட்டினர் என்பதைச் சிறப்புக் கல்விக்கான அளவுகோலாக வைத்திருந்தது. தேவையுடைய குழந்தைகள் பலர் விடுபட்டனர். அம்மாநிலம் சட்டத்தை மீறியதாகக் கூட்டரசின் கல்வித் துறை 2018இல் கண்டறிந்தது.

ஒரு குழந்தை எவ்வூரில் வாழ்கிறது என்பது அதன் கல்வியைத் தீர்மானிக்கலாகாது. உரிமையை வழங்கும் அரசுகள் அதன் செலவிலும் பெரும்பங்கை ஏற்பதே அறமாகும்.